நீல ஸ்டூலில் தொங்கிய சிவப்பு அட்டை

பென்னலூர்க்காரிக்கு,

வீட்டுச் சாவிக்காகக் கைப்பையைத் துழாவினால் விரலில் ஒரு சிவப்பு அட்டை தட்டுப்படுகிறது. மூலையில் ஓட்டை, ஓட்டையில் அறுந்த நூல். வேண்டாத பொருள்களில் நம் கம்பெனி கட்டித் தொங்கவிடுகிற அதே அட்டைதான். சக்கரம் போன தள்ளுவண்டியிலும் கால் உடைந்த மேசையிலும் யாருடையது என்று தெரியாத குடையிலும் அது தொங்குவதை நீயும் நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். இந்த அட்டை தொங்கியது நம் நீல ஸ்டூலில். போன வாரம் திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குள் நுழைந்ததும் பார்த்தேன்.

பார்த்ததும் உன்னைத்தான் திரும்பிப் பார்த்தேன் என்றால் சிரிப்பாய். "ஏய், இன்னா கூத்து பாருடி" என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். நீ நிற்கும் இடத்தில் நிவேதா நின்று டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், புதிதாகச் சேர்ந்தவள். என் வாய் திறந்திருப்பதைப் பார்த்து, "என்னக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். நீ போய் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் முடிந்துவிட்டன. என் கழுத்துக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

உன் காலத்தில் சிவப்பு அட்டை கட்டுவது சூப்பர்வைசர்களின் வேலை. இப்போது அதைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்கள். பழகிய கண்ணுக்குக் குப்பை தெரியாது, புதுக் கண்ணுக்குத்தான் தெரியும் என்று மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையில் எனக்கு ஒன்றும் குறையில்லை. பிள்ளைகள் லைன் முழுக்கச் சுற்றி வந்து, எது ஏன் இருக்கிறது என்று தெரியவில்லையோ அதில் அட்டையைக் கட்டுவார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் யாராவது எழுந்து காரணம் சொன்னால் பொருள் பிழைக்கும். சொல்லாவிட்டால் பழைய இரும்பு லாரியில் ஏறிவிடும்.

அட்டையைக் கையில் எடுத்துப் படித்தேன். பொருள் என்ற இடத்தில் ஸ்டூல் என்று எழுதியிருந்தது. கம்பெனி எண் இல்லை. லைன் வரைபடத்தில் இடம் இல்லை. இதெல்லாம் உண்மைதான், அது எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். அதற்குக் கீழே, பயன் என்ற இடத்தில், நல்ல குண்டு எழுத்தில் "தண்டனை" என்று எழுதியிருந்தது.

அந்தச் சொல்லை இன்னொரு தடவை படித்தேன். மணி அடித்துவிட்டது, பலகைகள் நகர ஆரம்பித்துவிட்டன. காருக்குள் ஓடுகிற ஒயர்களைப் பலகையில் பரப்பி, பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கொண்டியில் மாட்டி, டேப் சுற்றி அடுத்தவளுக்கு அனுப்புகிற வேலைக்கு மனசு வேண்டாம், கை போதும் என்று நீதான் சொல்வாய். அன்று கை மட்டும்தான் வேலை செய்தது.

உனக்கு நினைவிருக்கிறதா, வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸ் ரூமில் உன்னைக் கேட்டது. நான் உனக்கு அடுத்த நாற்காலியில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஹிஸ்டரி படிச்சிட்டு ஒயர் கட்ட வர்றியேம்மா" என்றார் ஆள் எடுக்கிற அதிகாரி. நீ கொஞ்சமும் அசராமல், "ஒயரும் அப்படித்தானே சார், எங்க ஆரம்பிச்சு எங்க போவுதுன்னு பாக்கணும்" என்றாய். அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து லைனில் உனக்கு ஹிஸ்டரி என்றே பேர் நின்றுவிட்டது. 'ஹிஸ்டரி, டேப் குடு', 'ஹிஸ்டரி, பஸ் வந்துடுச்சு' என்று எல்லோரும் கூப்பிட, நீயும் மகாராணி மாதிரி திரும்புவாய்.

எனக்கு வரலாறு என்றால் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த போர்கள். எந்த வருஷம் என்று எழுதினால் ஒரு மார்க், காரணங்களை எழுதினால் ஐந்து மார்க். காரணங்களை வரிசையாக எழுதி முழு மார்க் வாங்கிய பிறகும் ஏன் சண்டை போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொன்னபோது நீ தலையில் அடித்துக்கொண்டாய். வார லீவுக்கு ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போயிருந்தோம், வெளிச்சுற்றில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். கோயில் கல்வெட்டுகளைப் பற்றிக் கல்லூரியில் படித்ததை எடுத்துவிட்டாய். "மேல ராஜா பேரு பெருசா இருக்கும்டி. கீழ எவனோ ஒருத்தன் வெளக்கு எரிய ஆடு குடுத்தான்னு இருக்கும். எனக்கு ராஜா வாணாம், அந்த ஆட்டுக்காரன்தான் வேணும்" என்றாய். நான், "ஆட்டுக்காரன கட்டிக்கினு என்னா பண்ணுவ?" என்று கேட்டேன். நீ கடைசிக் கைப்பிடிச் சுண்டலை எனக்குத் தராமல் தின்றுவிட்டாய்.

ஒரு கேள்வி வைத்திருந்தாய், எதைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்பாய். "இது எப்போலேர்ந்து?" கேன்டீனில் வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் பாயசம், எப்போலேர்ந்து? வாட்ச்மேன் அண்ணன் வெளிவாசலில் நிற்காமல் ஏன் உள்வாசலில் நிற்கிறார், எப்போலேர்ந்து? எனக்கு எரிச்சலாக வரும். நம் பஸ் குன்றத்தூரில் மெயின் ரோட்டோடு போய்விடாமல் உள்ளே தெருமுனைவரை வந்து திரும்புமே, அது டிரைவர் அண்ணனின் நல்ல மனசு என்று நான் நினைத்திருந்தேன். நீ அவரையே பிடித்துத் துருவினாய். நமக்கு முன்னால் வேலை பார்த்த பெண்கள் இருட்டில் அந்தத் தெருவில் நடந்து வரப் பயந்து, எல்லோருமாகப் போய்க் கேட்டு வாங்கியது என்று தெரிந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பேர்கூட அவருக்கு நினைவில்லை. பிறகு சொன்னாய்: "எப்பவும் இப்படித்தான்னு ஒண்ணு கிடையாதுடி. ஒருநாள் யாரோ கேட்டிருப்பாங்க."

இன்றைக்கும் அந்தத் தெருமுனையில் இறங்கும்போது உன்னை நினைக்கிறேன். முகம் தெரியாத அந்தப் பெண்களையும் நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் நான் தனியாக நடந்து போகவில்லை என்று நீ சொல்வாய். ஆனால் தனியாகத்தான் நடந்து போகிறேன்.

ஸ்டூல் வந்த கதைக்கு வருகிறேன். உனக்கே உன் கதையைச் சொல்வதற்குச் சிரிக்காதே. போன வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

செல்வியை நினைவிருக்கும். திண்டுக்கல் பெண், ஒல்லியாக இருப்பாள், உனக்கு அந்தப் பக்கம் நிற்பாள். அன்று அவளுக்கு மாதவிலக்கின் முதல் நாள். வெளுத்துப்போய், "சார், கொஞ்சம் உக்காந்துக்கவா?" என்று கேட்டாள். சூப்பர்வைசர், "லைன்ல உக்கார எடமே கெடையாதேம்மா, நிக்கற வேலைதானே" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர், அவரும் நாளெல்லாம் நின்றுகொண்டுதான் இருந்தார். இல்லாததை எப்படிக் கொடுப்பது என்பதோடு அவருக்கு யோசனை முடிந்துவிட்டது. செல்வி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பலகைமேலேயே சரிந்தாள். கொண்டி குத்திப் புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் கொட்டியது. அடுத்த நாள் கட்டோடு வந்து, ஏதோ அவள்தான் தப்பு செய்துவிட்ட மாதிரி யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள்.

அன்று மதியம் கேன்டீனில் நீ தட்டை வாங்கிக்கொண்டு மேசைப் பக்கம் வந்து நின்றாய். உட்காரவில்லை. நின்றபடியே சோற்றைப் பிசைந்தாய்.

"இன்னாடி, எடம் இருக்கே, உக்காரு" என்றேன்.

"நிக்கற வேலைதானே. பழகிக்கறேன்" என்றாய், நான்கு மேசைக்குக் கேட்கிற மாதிரி.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நானும் எழுந்து நின்றேன். நியாயம் அநியாயம் என்றெல்லாம் யோசிக்கவில்லை. நீ நிற்கும்போது நான் உட்கார்ந்து தின்றால் தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான். அடுத்து செல்வி எழுந்தாள். அப்புறம் பக்கத்து மேசை. நம் லைன் பெண்கள் அத்தனை பேரும் நாற்காலிகளை விட்டுவிட்டு நின்று சாப்பிட்டோம். கோஷம் போடவில்லை, வேலையை நிறுத்தவில்லை. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. மேனேஜர் வந்து, "ஏம்மா எல்லாரும் நிக்கறீங்க?" என்று கேட்டார். நீ தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "லைன்ல உக்கார்ற ரூல் இல்ல சார். இங்க மட்டும் உக்காந்தா ஒடம்பு கொழம்பிப் பூடுது" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே போனார். வாசல்வரை போனவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் அவரே உன்னிடம் வந்து, எழுத்தில் எதுவும் தர மாட்டேன், ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள், நான் பார்க்கவில்லை என்றார். பராமரிப்புப் பிரிவு அண்ணன் கழித்துப்போட்ட பைப்பைக் கால்களாக வெல்டு வைத்து, கைப்பிடிச் சுவருக்கு அடித்து மிஞ்சிய நீல பெயிண்டைப் பூசிக் கொண்டுவந்து லைன் கடைசியில் வைத்தார். அதனால்தான் அதற்கு எண்ணும் இல்லை, வரைபடத்தில் இடமும் இல்லை.

அதற்குச் சட்டம் போட்டவள் நீ. "யாருக்கு முடியலையோ அவ போய் உக்காரலாம். பக்கத்துல நிக்கறவ ரெண்டு பேர் வேலையையும் பாத்துக்கணும். ஏன்னு கேக்கக் கூடாது. திரும்பிப் பாக்கவும் கூடாது." பார்த்தால் என்ன என்று நான் கேட்டேன். "பாத்தா வெக்கப்படுவா. வெக்கப்பட்டா அடுத்த தபா உக்கார மாட்டா, விழுவா" என்றாய். நாம் அப்படியே பழகிவிட்டோம். வயிற்றுவலிக்காரி உட்கார்ந்தாள், வீட்டில் அடி வாங்கி வந்தவள் உட்கார்ந்தாள், புதுக் கர்ப்பிணி உட்கார்ந்தாள். நாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு டேப் சுற்றினோம். நான் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உனக்கு இரும்பு உடம்புடி என்று கேலி செய்வாய்.

நீ வேலையை விட்டு நின்ற பிறகு பென்னலூரில் உன் வீட்டுக்கு வந்தேனே, அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியாது. ரத்தத்தில் ஏதோ நோய் என்றார்கள், தலைமுடி போய்விட்டிருந்தது, துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாய். மாடி அறையில் குடியிருக்கும் வடக்கத்திப் பையன்கள் ஷிப்டுக்குக் கிளம்பித் தடதடவென்று படியிறங்கினார்கள். நீ லைனில் ஒவ்வொருத்தியாக விசாரித்தாய். கடைசியில், "ஸ்டூலு கீதா?" என்றாய்.

"கீது."

"யாரும் எடுக்கல இல்ல?"

"யாரு எடுக்கப் போறா?" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்கு இடம் போட்டிருக்கிற மாதிரி பையை வைத்துக்கொண்டு வந்தேன். ஒருவரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

யாரு எடுக்கப் போறா என்று உன்னிடம் சொன்னேனே, அதனால்தான் அந்த அட்டையைப் பார்த்ததும் அவ்வளவு பதறிப்போனேன். டீ இடைவேளையில் விசாரித்தேன். கட்டியது யார் தெரியுமா? நிவேதாதான், உன் இடத்தில் நிற்பவள்.

"ஏம்மா, அதுக்கு ஏன் கட்டின?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் பயப்படவில்லை. "நான் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான்க்கா கட்டினேன். வேலைல தப்பு பண்ணவங்கள அதுல உக்கார வச்சிருதீங்க. அப்புறம் ஒருத்தரும் பேச மாட்டீங்க, திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க. நான் வந்த புதுசுல ஒரு அக்கா அதுல உக்காந்து அழுதுக்கிட்டே இருந்தாங்க. மொத்த லைனும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கி. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. இது என்ன பள்ளிக்கூடமா, பெஞ்சு மேல ஏத்தி விடுததுக்கு?"

அவள் இன்னும் முடிக்கவில்லை. "ரெண்டு தடவ எனக்கே தலை சுத்திச்சு. அதுல உக்காந்தா பேரு கெட்டுருமேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். எங்க பேட்ச்சுல ஒருத்தியும் அதுல உக்கார மாட்டா."

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"தெரியாதுதான். யாரு சொன்னீங்க?" என்றாள். மணி அடித்துவிட்டது.

அந்தக் கேள்வியை நாளெல்லாம் மென்றுகொண்டிருந்தேன். நீ சிரிப்பாயா, அழுவாயா என்று தெரியவில்லை. ஏன் என்று கேட்கக் கூடாது என்றாய், நாங்கள் கேட்கவில்லை. கேட்காததால் சொல்லவும் இல்லை. விழுந்த செல்வியும் நின்று சாப்பிட்டவர்களும் கல்யாணம், பிரசவம், வேறு கம்பெனி என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கதை போய்விட்டது, ஸ்டூல் மட்டும் நின்றது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நம் மரியாதை, கதை தெரியாத கண்ணுக்கு ஒதுக்கிவைப்பதாகத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் போனில் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். குதிரை, வாள், பின்னணியில் பறை, நம் ராஜா கடல் தாண்டிப் போய் ஜெயித்தார் என்று ஒரு குரல். இப்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது. ஒருத்தி எங்க ஆளு என்கிறாள், இன்னொருத்தி இல்லை எங்க ஆளு என்கிறாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யார் யாரை ஜெயித்தார் என்று தெரிகிறது. தான் நிற்கிற இடத்தில் தனக்கு முன்னால் நின்றவள் யார் என்று தெரியவில்லை. இந்தச் சின்ன வரலாற்றைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டும் என்று அன்று பட்டது. ராஜா கதை கொஞ்சம் காத்திருக்கும், அவருக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நிவேதா மேல் எனக்கு வந்த கோபம் குன்றத்தூர் வருவதற்குள் போய்விட்டது. ஒருத்தியை அவமானப்படுத்துவதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது, கேட்பதற்கு முதல் ஆளாக நின்றிருக்கிறாள். அந்த எரிச்சல் உன்னுடையதுதான். நல்ல கோபம், போய்க் கட்டிய பொருள்தான் தப்பு. பிள்ளைகளுக்காக வாங்கியதை அவர்கள் கையாலேயே லாரியில் ஏற்ற இருந்தார்கள். மேலே இருப்பவர்கள் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை. இளம் பிள்ளைகளுக்கு எதற்கு வரலாறு என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் காட்டுவதற்குப் பேச வர வேண்டுமே. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் கட்டிப்போகும் என்பது உனக்குத் தெரியும். சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்குத் தட்டை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனேன். உட்காரப் பிடிக்கவில்லை. நின்றபடியே சாப்பிட்டேன்.

அன்று நாம் இருந்தோம், பக்கத்தில் ஒருத்தி, அதற்குப் பக்கத்தில் ஒருத்தி என்று. இப்போது நான் ஒருத்திதான். கேன்டீன் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு நடுத்தர வயசுக்காரி தட்டோடு நிற்கிறாள். பார்த்தார்கள், போனுக்குத் திரும்பினார்கள். நீ இறந்த வீட்டில்கூட எனக்கு அவ்வளவு தனியாகத் தோன்றவில்லை. அங்கே அழுவதற்கு ஆள் இருந்தார்கள். இங்கே நான் எதற்கு நிற்கிறேன் என்று தெரிந்த ஓர் உயிர் இல்லை. ரசம் எல்லாம் தட்டில் ஓடியது. புதன்கிழமையும் நின்றேன்.

வியாழக்கிழமை நிவேதா தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "என்னத்துக்குக்கா நின்னுக்கிட்டே சாப்பிடுதீங்க? மூணு நாளாப் பாக்கேன். முட்டி மடக்க முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்படி நின்னா எனக்கு ஒருத்தி ஞாபகம் வரும்."

"யாருக்கா?"

சொன்னேன். நீ சொன்னால் எப்படி இருந்திருக்கும். நான் வாலைத் தலையாகவும் தலையை வாலாகவும் சொன்னேன். ஸ்டூலில் ஆரம்பித்து, மேனேஜருக்குப் போய், செல்வியை மறந்துவிட்டுத் திரும்ப வந்து, நடுவில் கோயில் சுண்டலைக்கூடச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த நிவேதாவின் சோறு ஆறிப்போனது. நீ இப்போது எங்கே என்று கேட்டபோது, இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, மிச்சச் சோற்றை நின்றபடியே சாப்பிட்டாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்காதது எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை. இப்போதைய மேனேஜர் நம் காலத்தவர் இல்லை, இளைஞர். பொருளுக்கு ஒரு நிமிஷம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஸ்டூல் முறை வந்தபோது நான் அட்டையின் நூலையே பிடித்துக்கொண்டு நின்றேன். நிவேதா முன்னால் போய்விட்டாள். "சார், இது தண்டனைன்னு எழுதினது நான்தான். தெரியாம எழுதிட்டேன்" என்று ஆரம்பித்தாள். என்னமாகப் பேசினாள் தெரியுமா. எனக்கு வராத கோர்வை அவளுக்கு வந்தது. கேன்டீனில் அத்தனை பேரும் நின்றதைச் சொன்னபோது புதுப் பிள்ளைகள் எல்லாம் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ஒன்று. ரத்தம் சிந்தி விழுந்தவள் நீதான் என்று சொல்லிவிட்டாள். விழுந்தாய், கட்டோடு வந்தாய், அடுத்த நாள் எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்தாய். கேட்பதற்கு அது நன்றாகத்தான் இருந்தது. மேனேஜர் கடிகாரத்தை மறந்துவிட்டுக் கேட்டார். எண் போட்டு வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். டேப் வெட்டும் கத்தரியால் நூலை நான்தான் வெட்டினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஸ்டூல் பிழைத்துவிட்டது, உன் பேருக்கும் கூடுதலாகக் கொஞ்சம் பெருமை. ஆனால் நீ தூங்க விடமாட்டாய் என்று தெரியும். திங்கட்கிழமை பலகை நகருவதற்கு முன்னால் நிவேதாவிடம் சொன்னேன்.

"விழுந்தது அவ இல்லம்மா. விழுந்தவ பேரு செல்வி. நான்தான் கன்னாபின்னான்னு சொல்லிட்டேன். மொதல்ல நின்னு சாப்ட்டவளுக்கு அன்னிக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்தா."

நிவேதா டேப் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அவங்களுக்கு ஒண்ணும் இல்லாமலா நின்னாங்க?"

"ஆமா."

"அப்ப அதைத்தானக்கா நான் சொல்லியிருக்கணும்" என்றாள். டேப்பைச் சுற்ற ஆரம்பித்தபடி, "அடுத்த பேட்ச் வரும்போது சரியாச் சொல்லிருதேன்" என்றாள்.

இதை உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஸ்டூலில் இப்போது வெள்ளை ஸ்டிக்கரில் எண் ஒட்டியிருக்கிறது. நிவேதாவின் பேட்ச் பெண்கள் தலை சுற்றினால் போய் உட்காருகிறார்கள். உன் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது, எதைப் பார்த்தாலும் எப்போலேர்ந்து என்று வாயில் வருகிறது, கேட்பதற்குப் பக்கத்தில் நீதான் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எனக்கு அது தாங்கவில்லை. ஒரு வேலை இருந்தவரை உன்னோடு இருந்த மாதிரி இருந்தது.

நேற்று காலை, யாரோ கேன்டீன் பக்கம் உன்னைப் போலவே தொண்டையைச் செருமினார்கள். திரும்பிவிட்டேன். நீ இல்லை. உடம்புக்கு எனக்கு ஒன்றுமில்லை, வயிறும் வலிக்கவில்லை, தலையும் சுற்றவில்லை. கையிலிருந்த டேப்பை வைத்துவிட்டு நடந்து போய், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நிவேதா என் வேலையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும் திருப்பிக்கொண்டாள், அதற்கு அடுத்தவளும். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் பேரைச் சொல்லியிருப்பேன்.